இரண்டு பேருக்கு ஒரு வண்டி

ஈஸ்ட் ஹாம், லண்டன்
செப்டம்பர் 21

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். கதிருக்குச் சளி விட்டுவிட்டது. எனக்கும் ஏழாம் மாதம் நல்லபடியாகப் போகிறது. கால் வீக்கம் சாயங்காலத்தில் மட்டும்தான், கவலைப்படாதே.

இரண்டு பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தள்ளுகிற வண்டி வாங்கும் பேச்சைப் போனில் எடுத்ததுமே, "பெரியவனைக் கையில் பிடி, சின்னதைத் தோளில் போடு, இதற்குப் போய் வண்டியா?" என்று கேட்டாய். பதில் சொல்வதற்குள் கதிர் போனைப் பிடுங்கிவிட்டான். அதனால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு, அவருக்குப் பிடித்த சமாச்சாரமும் இதில் இருக்கிறது.

ஊரில் என்றால் பிள்ளையை உன்னிடமோ எதிர்வீட்டு அத்தையிடமோ விட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடலாம். கூப்பிட்டால் ஆட்டோ வாசலுக்கு வரும். இங்கே உன் மாப்பிள்ளை காலையில் வேலைக்குக் கிளம்பினால் இருட்டும் வரை நானும் பிள்ளையும்தான். பால் தீர்ந்தாலும் சரி, தடுப்பூசி போட வேண்டியிருந்தாலும் சரி, இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டுதான் போக வேண்டும், மழையானாலும். கதிர் நன்றாகத்தான் நடக்கிறான், ஆனால் அவனுக்கு இஷ்டமான தூரம் வரைதான். அப்புறம் நடைபாதையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். மதியம் ஒரு மணி ஆனால் எங்கே இருந்தாலும் கண் சொக்கிவிடும். தூங்குகிற 13 கிலோவை ஒரு கையிலும் பச்சைக் குழந்தையை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு சாலையைக் கடக்க என்னால் ஆகாது.

இரண்டு பிள்ளைக்கான வண்டியில் இரண்டு ஜாதி உண்டு. இருக்கைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது ஒன்று, ஒன்றின் பின்னால் ஒன்றாக இருப்பது இன்னொன்று. இது போக, ஒற்றை வண்டியின் பின்பக்கம் சக்கரம் வைத்த சின்னப் பலகை ஒன்றை மாட்டி, பெரிய பிள்ளையை அதன்மேல் நிற்கவைத்துத் தள்ளுகிற வழியும் இருக்கிறது.

எனக்கு முதலில் மனசு போனது பக்கத்தில் பக்கத்தில் இருப்பதன்மேல்தான். இரண்டு பேருக்கும் வேடிக்கை தெரியும், தள்ளுவதும் லேசு, திருப்பினால் சட்டென்று திரும்பும். உன் மாப்பிள்ளைதான் டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டை அளக்க ஆரம்பித்தார். அந்த மாதிரி வண்டிகள் பலவும் 74, 76 செ.மீ. அகலம் வருகின்றன. எங்கள் வாசற்கதவில் எப்படியோ உரசிக்கொண்டு நுழைந்துவிடும். ஆனால் உள்ளே நடையில், வீட்டைச் சூடாக்கச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கும் ரேடியேட்டர் ஒரு சாண் துருத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் வழி 70 செ.மீ.தான். இங்கே பழைய வீடுகள் வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டியவை, நடை எல்லாமே குறுகல். வண்டியை வெளியே நிறுத்தினால் நனையும், இல்லையென்றால் காணாமல் போகும். சரி, அந்த ஆசை அதோடு போனது.

பலகை மலிவு, ஆனால் அதில் நின்றுகொண்டு தூங்க முடியாது. நான்கு வயதுப் பிள்ளைக்கு அருமையான சாமான். கதிருக்கு இன்னும் இரண்டரைகூட ஆகவில்லை.

மிச்சமிருந்தது ஒன்றன்பின் ஒன்று. அதிலும் எல்லாமே ஆகாது. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்காது இல்லையா, முதல் ஆறு மாதம் மட்டமாகப் படுக்கிற இருக்கைதான் வேண்டும் என்று மருத்துவச்சி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பெட்டியில் 'இரட்டை' என்று எழுதியிருந்தாலும் சிலவற்றில் இரண்டு இருக்கையுமே ஓரளவுக்குத்தான் சாயும். வாங்குகிறவர்கள் முதலில் வண்டியின் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது கடைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கடையில் நடந்ததைக் கேள். அந்தப் பெண் ஒற்றைக் கையால் ஒரு நொடியில் மடித்துக் காட்டினாள். நான் கதிரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "இப்போது நான் மடிக்கிறேன்" என்றேன். பித்தானை ஒரு பக்கம் அமுக்கி, இன்னொரு பக்கம் பட்டையை இழுத்து, நடுவில் காலால் ஓர் உதை வேறு கொடுக்க வேண்டியிருந்தது. மூன்றாவது கைக்கு எங்கே போவது? அவளே சிரித்துவிட்டாள். பிரேக்கையும் போட்டு எடுத்துப் பார்த்தேன். சிலவற்றில் மிதியைக் கால்விரலால் மேலே நெம்பினால்தான் பிரேக் விடும். செருப்புக் காலோடு செய்தால் நகம் பெயர்ந்துவிடும். மேலிருந்து மிதித்தாலே விடுகிற பிரேக்தான் நல்லது. 900 பவுண்டுக்கு மேலேயும் ஒன்று நின்றது, நம் பணத்தில் ஒரு லட்சத்தைத் தொடும். கைப்பிடிக்குத் தோலுறை போட்டிருந்தார்கள். பிள்ளை வாந்தி எடுத்தால் தோலை எப்படிக் கழுவுவார்களோ!

அப்பாவுக்கு ஒன்று. இப்போது கதிர் போகிறானே, குடை மாதிரி மடிகிற ஒற்றை வண்டி, அந்த அமைப்பைக் கண்டுபிடித்தவர் ஓவன் மெக்லாரன் என்கிற விமானப் பொறியாளர். உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறங்குசக்கர வடிவமைப்பில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு பேத்தியின் கனத்த வண்டியோடு மகள் படுகிற அவஸ்தையைப் பார்த்துவிட்டு, அலுமினியக் குழாய்களை வைத்து மூன்று கிலோகூட வராத வண்டியைச் செய்தார். அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1965-ல். விமானச் சக்கரத்தை வயிற்றுக்குள் மடக்கத் தெரிந்தவருக்கு இது பெரிய காரியமா? பணிமனையில் இத்தனை வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்த அப்பாவுக்கு இது நன்றாகப் புரியும்.

கடைசியில் வாங்கியது பழைய வண்டிதான். இரண்டு தெரு தள்ளி ஒரு வங்காளி அக்கா, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று 80 பவுண்டுக்குக் கொடுத்தார். அகலம் 60 செ.மீ.க்குள் அடங்கிவிட்டது, ரேடியேட்டரைத் தாண்டி நோகாமல் போகிறது. பின்னிருக்கை மட்டமாகச் சாயும், அது சின்னதற்கு. கதிர் முன்னால் ராஜா மாதிரி உட்கார்ந்து வருவான். பழையது என்று முகம் சுளிக்காதே. பிரேக், பெல்ட்டின் ஐந்து கொக்கி, சக்கரத்தின் தேய்மானம் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம், துணியைக் கழற்றி வெந்நீரில் துவைத்தும் போட்டாயிற்று. காரில் வைக்கிற குழந்தை இருக்கையை மட்டும் பழசாக வாங்கக் கூடாது என்கிறார்கள். அது ஏற்கெனவே விபத்தில் அடிபட்டதா என்று வெளியே தெரியாதாம்.

குறை இல்லாமல் இல்லை. நீளம் அதிகம். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது பின் அச்சை மிதித்துக் கைப்பிடியை அழுத்தித்தான் முன் சக்கரத்தைத் தூக்க வேண்டியிருக்கிறது. கதிர் முன்னால் இருப்பதால் பாரம் தெரிகிறது. பிள்ளைகள், வண்டி, அரிசி எல்லாம் சேர்ந்தால் 30 கிலோவுக்கு மேல் போகும். கைப்பிடியில் பை மாட்டக் கூடாது என்பதை ஹை ஸ்ட்ரீட்டில் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு பெண், பெரியவளை முன்னிருக்கையிலிருந்து இறக்கிவிட்டாள். அவ்வளவுதான், பின்னால் தொங்கிய அரிசிப் பையின் பாரத்தில் வண்டி அப்படியே மல்லாந்துவிட்டது. நல்லவேளை, சின்னதற்கு பெல்ட் போட்டிருந்தாள். அழக்கூட இல்லை, முழித்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்துக் கிடந்தது. என் அரிசி அடிக்கூடையில்தான் வரும்.

பேருந்து பற்றிக் கேட்டாய். 101-ஆம் நம்பர் வீட்டுப் பக்கமே வருகிறது. நடுக் கதவுக்கு எதிரில் ஓர் இடம் காலியாக விட்டிருப்பார்கள், வண்டியை அங்கே நிறுத்திப் பிரேக் போட்டுவிடலாம். ஆனால் அது உண்மையில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கான இடம். அவர்கள் ஏறினால் நாம் மடக்க வேண்டும், முடியாவிட்டால் இறங்க வேண்டும். இது ஒரு வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போய், ஓட்டுநர் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, மேற்கொண்டு வற்புறுத்தவும் பார்க்க வேண்டும் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. நான் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் ஏறினால் மறுபடி டிக்கெட் காசும் பிடிப்பதில்லை. அவர்களுக்கு வேறு வழி கிடையாது. இருந்தாலும் தூங்குகிற பிள்ளையோடு கொட்டுகிற மழையில் இறங்கச் சொன்னால் ஒரு நிமிஷம் நானும் பல்லைக் கடிக்கத்தான் செய்வேன்.

பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் இல்லை, படிதான். இந்த ஊர்க்காரர்கள் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்று நான் குறைப்பட்டுக்கொள்வேனே, படிக்கட்டில் மட்டும் அது வேறு மாதிரி. வண்டியோடு நின்றால் போதும், யாராவது வந்து ஒன்றும் பேசாமல் முன் அச்சைப் பிடித்துத் தூக்குவார்கள், கீழே வைத்ததும் போய்விடுவார்கள். நன்றி சொல்லத் திரும்பினால் ஆள் இருக்காது.

போன ஞாயிறு கதிரை அதில் உட்காரவைத்து மேனர் பார்க் முருகன் கோயிலுக்குப் போய் வந்தோம். பின்னிருக்கையில் தேங்காய் பழத் தட்டை வைத்துத் தள்ளினேன். "தம்பி இடம்" என்று கதிர் அதை எடுக்கச் சொல்லி ஒரே சண்டை. தம்பியா தங்கையா என்று எங்களுக்கே தெரியாது, அவன் முடிவு செய்துவிட்டான்.

நவம்பரில் நீ வரும்போது இரண்டு நூல் சேலை, நன்றாக நைந்ததாகப் பார்த்து எடுத்து வா. இங்கே கூரையில் கொக்கி மாட்ட வீட்டுக்காரர் விடமாட்டார், தூளி கட்ட முடியாது. ஆனாலும் விரிக்கவும் சுற்றவும் கடைத்துணி எதுவும் அதற்கு ஈடாகாது. பிரசவ லேகியத்தைக் கைப்பையில் வைக்காதே, பெட்டியில் போடு. குளிருக்கு ஸ்வெட்டரும் மூடின ஷூவும் அங்கேயே வாங்கிவிடாதே, அளவு சொல், இங்கே நான் வாங்கி வைக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை பரிசோதித்த சீட்டை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்.

அன்பு மகள்,
பவானி