விசில் யார் கழுத்தில்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வெளிநாட்டுக்குப் போய்ப் பெண்களுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுக்கப்போவதாக எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்வி கையைப் பிடித்து நிறுத்திவிட்டது. "இரண்டு வாரம் போய்ப் பந்தை உதைத்துக் காட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டால் அந்தப் பெண்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டிருந்தாய். இதை ஒரு வரியில் தட்டிக்கழிக்க எனக்கு மனசு வரவில்லை.

முதலில் என் சேதி. முழங்கால் பரவாயில்லை, ஓடத்தான் முடியவில்லை. கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டேதான் பயிற்சி கொடுக்கிறேன். 14 வயதுக்குட்பட்ட அணியில் இப்போது இருபத்துமூன்று பெண்கள். நல்ல இடதுகால் ஆட்டக்காரி ஒருத்தி போன மாதம் நின்றுவிட்டாள், வீட்டில் அனுப்பவில்லை. அவள் அம்மாவை இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். முதல் தடவை வாசலிலேயே பேசி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது தடவையும் போகப்போகிறேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நமக்குப் பதினாறு வயதில் நடந்த அந்த ஐந்து நாள் முகாம் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது? வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கோச், முதல் நாள் காலையில் பந்தையே தொடவில்லை. வெள்ளை டேப்பைக் கிழித்துக் கிழித்து நம் ஒவ்வொருத்தி பேரையும் கேட்டு, அவர் மொழியில் எழுதி, நம் சட்டையில் ஒட்டினார். உன் பேரைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை, ஆறேழு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் என்ன செய்தார் தெரியுமா? எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் உன்னைக் கூப்பிட்டு, தன் கழுத்து விசிலைக் கழற்றி உன் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய் நம்மோடு வரிசையில் நின்றுகொண்டார். நீ ஊதினாய், வெறும் காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை சத்தம் வந்தபோது முதலில் ஓட ஆரம்பித்தவர் அவர்தான். நீ சொன்னதை அவர் கேட்டார்! அன்றுவரை நாம் சொல்லிப் பெரியவர்கள் யாரும் மைதானத்தில் ஓடியதில்லை.

அவர் விட்டுப்போன இருபது பந்துகள் என்ன ஆயின என்பதும் உனக்குத் தெரியும். முகாம் முடிந்த மறுநாளே பொறுப்பில் இருந்தவர்கள் அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். நாலு தடவை போய்க் கேட்டோம், சாவி இல்லை என்றார்கள். வருஷக்கணக்கில் அந்தக் கோபம் எனக்கு இருந்தது. ஆனால் அந்த விசில் உன்னிடம் இருந்தது. தோல் உரிந்த இரண்டு பழைய பந்தை வைத்துக்கொண்டு, அவர் சொல்லித்தந்த அதே பயிற்சிகளை நீதானே நமக்கு நடத்தினாய்? இன்றைக்கு நீயும் கோச், நானும் கோச். என்ன மிஞ்சும் என்று நீயே கேட்கலாமா?

சரி, நம் கதையை விடு. மோனிகா ஸ்டாபைப் பற்றிச் சொல்கிறேன். ஜெர்மனிக்காரர். 2002-ல் பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையை முதன்முதலாக நடத்தியபோது அதை ஃபிராங்க்ஃபர்ட் கிளப் வென்றதே, அப்போது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். அந்தப் பேருக்குப் பெரிய கிளப்புகளிலேயே காலம் தள்ளியிருக்கலாம். அவர் போனது எங்கே? பஹ்ரைன், கத்தார், காம்பியா. பயிற்றுநராகச் சுற்றிய நாடுகள் எண்பதுக்கும் மேல். 2021-ல் சவூதி அரேபியா பெண்கள் தேசிய அணி அமைத்தபோது அதன் முதல் பயிற்சியாளரும் அவர்தான். அங்கே பெண்கள் மைதானத்துக்குள் போய் உட்கார்ந்து ஆண்கள் ஆட்டத்தைப் பார்க்கவே 2018-ல்தான் அனுமதி கிடைத்தது. நாலே வருஷத்தில், 2022 பிப்ரவரி 20 அன்று, மாலத்தீவின் மாலேயில் சவூதிப் பெண்கள் தங்கள் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடினார்கள். எதிரணி செஷல்ஸ், 2-0 என்று ஜெயித்தார்கள்.

இதில் என் மனசைத் தொட்டது வேறு விஷயம். ஸ்டாப் வருவதற்குப் பதினைந்து வருஷம் முன்பே, 2006-லேயே, ஜெட்டாவில் பெண்கள் ஒரு கிளப் அமைத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எந்த அங்கீகாரமும் கிடையாது, வெளியார் பார்வையும் படாது. வெளியிலிருந்து வருகிறவர் ஆட்டத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதாக நினைத்தால் அது பெரிய தப்பு. ஆட்டம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது, மதில் சுவருக்குப் பின்னால். நீ போகிற இடத்திலும் அப்படி ஒருத்தி கண்டிப்பாக இருப்பாள். போன முதல் நாளே அவளைத் தேடு.

அமெரிக்க வெளியுறவுத் துறை இதை ஒரு வேலையாகவே நடத்திவருகிறது. 'விளையாட்டுத் தூதர்' என்று பேர் வைத்து ஆட்டக்காரர்களையும் கோச்சுகளையும் வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. 1999 உலகக் கோப்பை அணியில் இருந்த லாரி ஃபேர் போயிருக்கிறார். வாஷிங்டன் ஸ்பிரிட் அணியில் ஆடிய ஜோவன்னா லோமன் போயிருக்கிறார். ஒரு அரசாங்கம் காசு செலவழித்து அனுப்பினால் அதற்கு ஒரு கணக்கு இருக்கும், அதை மறைக்கவேண்டியதில்லை. உன்னை அனுப்புகிறவர்களுக்கும் இருக்கும். உனக்கு அது தெரிந்திருந்தால் போதும்.

இதைவிட எனக்குப் பிடித்தது, 2012-ல் அதே துறை டென்னசி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடங்கிய வழிகாட்டித் திட்டம். பல நாடுகளில் விளையாட்டுத் துறையில் வேலை செய்யும் பெண்களை வரவழைத்து, சில வாரங்கள் அங்கேயே ஒரு அனுபவசாலியோடு சேர்ந்து வேலை பார்க்க வைத்தார்கள். ஊர் திரும்பி என்ன செய்யப்போகிறாள் என்று ஒவ்வொருத்தியும் ஒரு திட்டம் எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. வந்தவள் திரும்பிப் போய்த் தன் மைதானத்தில்தான் நிற்பாள், அடுத்த வருஷமும் அங்கேதான் இருப்பாள். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. வாய்ப்பு கிடைத்தால் உன் ஏற்பாட்டாளர்களிடம் இதைச் சொல்: நாம் போவது பாதி வேலை, அங்கிருந்து ஒருத்தியை வரவழைப்பது மீதிப் பாதி.

இன்னொன்றும் சொல்லவேண்டும். "ஆணுக்கும் பெண்ணுக்கும் சமம்" என்று உலகம் முழுக்கப் போய்ச் சொன்ன அதே அமெரிக்க ஆட்டக்காரிகளுக்கு வீட்டிலேயே சமச் சம்பளம் கிடைக்கவில்லை. 2019-ல் பெண்கள் தினத்தன்று இருபத்தெட்டுப் பேர் தங்கள் கால்பந்துக் கூட்டமைப்பின்மேல் வழக்குப் போட்டார்கள். 2022-ல் 2 கோடியே 40 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. இதை அவர்கள் மறைக்காமல் பேசினார்கள். "எங்கள் ஊரில் எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறவளைவிட, "நாங்களும் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்" என்கிறவள் பேச்சை அந்தப் பெண்கள் நம்புவார்கள். நீயும் பூட்டிவைத்த பந்துகளின் கதையைக் கூச்சப்படாமல் சொல்.

ஆட்டம் இரண்டு நாடுகளுக்கு நடுவில் என்ன செய்யும் என்று யோசிக்கும்போதெல்லாம் 1999 பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம்தான் எனக்கு ஞாபகம் வரும். அந்த வருஷம் மே மாதம் பெல்கிரேடில் இருந்த சீனத் தூதரகத்தின்மேல் அமெரிக்கக் குண்டுகள் விழுந்து மூன்று சீனர்கள் இறந்தார்கள். இரு நாட்டு உறவும் அறுந்து தொங்கியது. இரண்டே மாதத்தில், ஜூலை 10 அன்று, ரோஸ் போல் மைதானத்தில் 90,185 பேர் முன்னால் அமெரிக்காவும் சீனாவும் எதிரெதிரே நின்றன. 120 நிமிஷம் கோலே விழவில்லை. பெனால்டியில் லியு யிங் அடித்ததை பிரியானா ஸ்கரி தடுத்தார், அமெரிக்கா 5-4 என்று ஜெயித்தது. குண்டு விழுந்த கோபம் அந்த ஆட்டத்தால் ஆறியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு மணி நேரம் இரண்டு நாட்டு ஜனங்களும் ஒரே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளைக்காரப் பெண்களும் லேசுப்பட்ட பாடு படவில்லை. 1920 டிசம்பரில் டிக் கெர் என்ற இங்கிலாந்துப் பெண்கள் அணியின் ஆட்டத்தைப் பார்க்க லிவர்பூலில் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த டிசம்பரில், பெண்களுக்கு இந்த ஆட்டம் ஏற்றதில்லை என்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களை அவர்களுக்கு மூடிவிட்டது. 1922-ல் கப்பலேறிப் போனார்கள். கனடாவில் ஆட அனுமதி இல்லை. அமெரிக்காவில் போய் இறங்கினால் எதிரணியில் ஆண்கள்! ஒன்பது ஆட்டம் ஆடினார்கள். மூன்றில் ஜெயம், மூன்றில் தோல்வி, மூன்று சமம். யாரும் தூது அனுப்பாத தூதர்கள் அவர்கள்.

இப்போது நான் உண்மையிலேயே உனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். இதற்காகத்தான் பத்து நாள் யோசித்தேன்.

காலிதா போபால் பேரைக் கேட்டிருப்பாய். காபூலில் உடற்கல்வி ஆசிரியையான தன் தாயின் துணையோடு பள்ளிச் சுவருக்குள் ஆட ஆரம்பித்தவர். 2007-ல் ஆப்கானிஸ்தானின் முதல் பெண்கள் தேசிய அணி உருவாகக் காரணமாக இருந்தவர், அதன் தலைவி. மிரட்டல் தாங்காமல் 2011-ல் நாட்டைவிட்டு வெளியேறி டென்மார்க்கில் தஞ்சமடைந்தார். அங்கிருந்தபடியே அணியைக் கவனித்தார். அமெரிக்காவின் கெல்லி லிண்ட்சே தலைமைப் பயிற்சியாளராகவும், அமெரிக்க மரைன் படையில் சேவை செய்த கோல்கீப்பர் ஹேலி கார்ட்டர் துணையாகவும் வந்தார்கள். பயிற்சி முகாம்களை ஆப்கானிஸ்தானுக்கு வெளியில்தான் நடத்த முடிந்தது. தங்கள் நாட்டுக் கூட்டமைப்பின் தலைவரே பாலியல் கொடுமை செய்ததாக அந்த ஆட்டக்காரிகள் வாய் திறந்தபோது, இந்த மூவரும் அவர்கள் பக்கம் நின்றார்கள். 2019-ல் ஃபிஃபா அந்த ஆளுக்கு ஆயுள் தடை விதித்தது. பார்த்தாயா, தந்திரம் சொல்லிக்கொடுக்கப் போன கோச்சுகளுக்கு என்ன வேலை வந்து சேர்ந்தது என்று!

2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போயிற்று. வருஷக்கணக்காக அந்தப் பெண்களைத் துணிந்து வெளியே வாருங்கள், முகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவந்த போபால், ஒரே நாளில் அதற்கு நேர்மாறாகச் சொல்லவேண்டிவந்தது. படங்களை அழியுங்கள், சமூக வலைதளக் கணக்குகளை மூடுங்கள், சீருடையை எரியுங்கள். அதைச் சொல்லும்போது அவருக்கு எப்படி இருந்திருக்கும், யோசி. ஆட்டக்காரிகளும் குடும்பத்தாருமாக எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்த மாதமே ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போனார்கள். மெல்போர்ன் விக்டரி கிளப் தன் பேரில் அவர்களுக்கு ஒரு அணி அமைத்துக்கொடுத்தது. 2025 அக்டோபரில், மொராக்கோவில், அகதிப் பெண்களின் ஆப்கான் அணி ஃபிஃபா நடத்திய போட்டியில் இறங்கியது. நாலு வருஷத்துக்கும் மேல் காத்திருந்தார்கள்.

ஏன் இதை உனக்கு எழுதுகிறேன் என்றால், நீ போகிற இடத்தில் கூடவே ஒரு கேமரா வரும். வராமல் இருக்காது. பயண அறிக்கைக்குப் படம் வேண்டும், சிரிக்கிற பெண் பிள்ளை வேண்டும். நீ குறுக்கே நில். எந்தப் பெண்ணின் முகத்தையும் அவளையும் அவள் வீட்டையும் கேட்காமல் எடுக்கவிடாதே. முதுகைக் காட்டி எடுக்கட்டும், காலையும் பந்தையும் எடுக்கட்டும். நாம் திரும்பி வந்துவிடுவோம், படம் அங்கேயே இருக்கும். உனக்குச் சங்கடமாக இருந்தால், கோச் இப்படித்தான் கண்டிப்பானவள் என்று பழியை உன்மேலேயே போட்டுக்கொள்.

தலைத்துணி விஷயமும் அப்படித்தான். நமக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கலாம், அதை மைதானத்துக்குக் கொண்டுபோகாதே. 2011-ல் அம்மானில் ஈரான் பெண்கள் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்துக்கு வந்து நின்ற பிறகு, தலைத்துணி விதிக்கு ஒவ்வாது என்று ஆடவிடவில்லை. மைதானத்திலேயே அழுதார்கள். ஜோர்டான் இளவரசர் அலி முன்னின்று வாதாடி, 2014-ல்தான் விதி மாறியது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா தலைத்துணியோடு ஆடினார், அவர் அணி தென்கொரியாவை 1-0 என்று ஜெயித்தது. என்ன உடுத்தினால் ஆட அனுப்புவார்கள் என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்.

மொழிபெயர்க்க ஒரு பெண் வேண்டும் என்று இப்போதே கேட்டுவிடு. ஆண் இருந்தால் பிள்ளைகள் வயிற்றுவலியைக்கூடச் சொல்லமாட்டார்கள். புரிந்ததா என்று கேட்காதே, எல்லோரும் தலையாட்டுவார்கள். செய்துகாட்டச் சொல். அம்மாக்கள் வந்தால் கோட்டுக்கு வெளியே நிறுத்தாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு பந்தை உருட்டிவிடு. எட்டாம் நாளுக்குள் விசில் உன் கழுத்தில் இருக்கக்கூடாது.

என் இடதுகால் ஆட்டக்காரியின் வீட்டுக்கு வெள்ளிக்கிழமை போகிறேன், என்ன ஆயிற்று என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். நீ புறப்படும் தேதியை உடனே தெரியப்படுத்து. பிள்ளைகள் பன்னிரண்டு வயதுக்குக் கீழா, மேலா என்றும் கேட்டுவை. சின்னவர்கள் என்றால் 4-ம் நம்பர் பந்து வேண்டும். கேட்காவிட்டால் எல்லாவற்றையும் 5-ம் நம்பராக வாங்கி அடுக்கிவிடுவார்கள், அது அந்தக் கால்களுக்குக் கனம். பந்து ஊதும் பம்ப் என்னிடம் இரண்டு இருக்கிறது, ஒன்று அனுப்பிவைக்கிறேன். ஊசி மட்டும் நீ கூடுதலாக நாலைந்து வாங்கிக்கொள், அதுதான் முதலில் தொலையும்.

அன்புடன்,
உன் பழைய ரைட் விங்