அக்கா, அன்னைக்கு அந்தத் தட்ட நான் ஏன் எடுத்தேன்னா

அக்கா,

போன்ல பேசுனா சண்டையில போயி முடியுது, அதான் இங்க எழுதுறேன். நம்ம சொந்தக்காரங்களும் இத படிப்பாங்க, அதனால வீட்டு விஷயத்துக்கு நான் போகல. உனக்கே தெரியும்.

நேத்து அப்பாவுக்கு வருஷப் படையல். சுக்கா, முட்டை, கறிக்குழம்பு எல்லாம் வச்சோம். இலை ஓரத்துல உன்னோட தாய்லாந்து சாலட்டையும் வச்சேன். காலைல ஏழு மணிக்கே கலந்து பிரிட்ஜ்ல வச்சுட்டேன், பன்னெண்டு மணிக்கு எடுத்தா அன்னாசி பட்ட கோழியெல்லாம் கொழகொழன்னு ஆகி, மாங்கா தண்ணி விட்டுக் கிடக்கு. "அன்னாசி கறிய அரிச்சிரும்டி, சாப்புடுறப்ப கலக்கு"ன்னு நீ சொன்னது அப்பதான் ஞாபகம் வந்துச்சு. மறுபடி நெல்பேட்டைக்கு ஆள் விட்டு நெஞ்சுக்கறி வாங்கி, இஞ்சி தட்டிப் போட்ட தண்ணில வேக வச்சு, ஆறவிட்டு நார் நாரா பிச்சு, கிளிமூக்கு மாங்கா, கொய்யா, சின்ன வெங்காயம், புதினா, வறுத்த கடலைன்னு எல்லாத்தையும் கடைசில சேத்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்ல.

அழகர் ஆத்துல எறங்குன மறுநாள், நீ பின்கட்டுல சம்மணம் போட்டு உக்காந்து அம்மாவோட இடிகல்லுல காந்தாரி மிளகா, பூண்டு, கருப்பட்டி இடிச்ச, எலுமிச்சம்பழம் பிழிஞ்ச, அந்த மீன் சாஸ ஊத்துன. அப்பா மடில தட்ட வச்சுக்கிட்டு வேகவேகமா சாப்புட்டாரு, விரல்ல ஒரு கடலைத்தோல் ஒட்டியிருந்துச்சு. "ஆறு மாசம் கழிச்சு இன்னைக்குதாம்மா வாய்க்கு ருசியா சாப்புடுறேன்"னாரு. நான் போயி தட்டப் பிடுங்கிட்டேன். அவரு கை அப்படியே அந்தரத்துல நின்னுச்சு.

உப்புன்னுதான சொன்னேன். அது பொய் இல்லக்கா. நெத்திலியையும் உப்பையும் மாசக்கணக்குல ஊறவச்சு எடுக்குறது அந்த மீன் சாஸ், ஒரு மேசைக்கரண்டிலயே 3 கிராம் உப்புக்கு மேல வரும், டாக்டர் அவருக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்ளன்னு சொல்லியிருந்தாரு. ஆனா நேத்து நானே அளந்து ஊத்துறப்பதான் தெரிஞ்சுச்சு, நாலு பேருக்கும் சேத்து 2 டீஸ்பூன்தான். அப்பா பங்குக்கு அரை டீஸ்பூன். அன்னைக்கு ராத்திரி கஞ்சிக்கு மோர்மிளகா வச்சது நான்தான். அதுல உப்பு இல்லையா?

அந்த ஆறு மாசமும் உப்பில்லாம ஆக்கிப் போட்டது யாரு? ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அவர கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனது யாரு? நீ பத்து நாள் லீவுல வந்து ஒரு தட்டு நீட்டுன, அவரு முகமே மலந்துருச்சு. எனக்கு தாங்கல. உன்மேல இன்னமும் கோவம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா தட்டப் பிடுங்குனது தப்பு, ரெண்டு வாய் கூட சாப்புட்டிருப்பாரு.

கலக்கி முடிச்சதும் ஒரு வாய் எடுத்து வச்சேன். புளிப்பு, உரைப்பு, அடில லேசா கருப்பட்டி இனிப்பு. உன் அளவு வரல, ஆனா கிட்ட வந்துருச்சு.

இடிகல்ல தர மாட்டேன்னு காரியத்தன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னேன்ல. எடுத்துக்க. ஆனா கூரியர்ல எல்லாம் அனுப்ப மாட்டேன், தைக்கு நீயே வந்து தூக்கிட்டுப் போ. அதுவரைக்கும் நான் அதுலதான் இடிப்பேன்.