சுவரைத் தொட்டு என்னை அனுப்பியவர்களுக்கு

ஊர்க்காரர்களுக்கும் என்னோடு நீந்தியவர்களுக்கும் வணக்கம்.

இந்த மாதத்தோடு போட்டி நீச்சலை நிறுத்திக்கொள்கிறேன். பன்னிரண்டு வருஷம் ரிலேயில் கடைசி ஆளாகக் குதித்தவள் நான். வாங்கிய பதக்கமெல்லாம் நாலு பேராக வாங்கியது. அதனால் போகும்போது சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லாமல் போக மனசு வரவில்லை.

முதலில் அப்பாயி. கண்டியூர்ப் பக்கம் குடமுருட்டிப் படித்துறையில், இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி என்னைத் தண்ணீரில் இறக்கியது அப்பாயிதான். பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டவர்களிடம், "ஆத்தங்கரையில பொறந்தது நீந்தாம வேற என்ன பண்ணும்?" என்று திருப்பிக் கேட்டதும் அப்பாயிதான். இந்த மடலை வாசித்துக் காட்ட இன்று அப்பாயி இல்லை.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டித் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்கு ஆறு. ஜனவரி கடைசியில் அடைத்துவிட்டால் வெறும் மணல். மற்ற நாளெல்லாம் தஞ்சாவூர் நீச்சல்குளம்தான். விடியாத நேரத்து முதல் பஸ்ஸை நான் ஓடி வரும்வரை நிறுத்தி வைத்த கண்டக்டர் அண்ணனுக்கு நன்றி. வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு மூன்றையும் பாதித் தூக்கத்தில்தான் தாண்டியிருக்கிறேன். குளத்து வாசலில் தினம் இரண்டு அவித்த முட்டையை எடுத்து வைத்து, மாதக் கடைசியில் மட்டும் கணக்குப் பார்த்த டீக்கடை மாமாவுக்கும் நன்றி.

இனி, சொல்லத் தயங்கிய விஷயம்.

வேளச்சேரி நீச்சல்குளத்தில் நடந்த ஒரு மாநிலப் போட்டி. மெட்லி ரிலே. பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை முடிந்து ஃப்ரீஸ்டைலுக்கு நான். முன்னால் வருபவளின் கை சுவரைத் தொடும் முன் என் கால் பிளாக்கை, அதாவது குதிக்கும் மேடையை, விட்டுவிட்டது. நாங்கள்தான் முதலில் முடித்தோம். பலகையில் எங்கள் பெயருக்கு நேராக நேரம் வரவில்லை. என் ஒருத்தியின் அவசரத்தால் நாலு பேரும் டிஸ்குவாலிஃபை. அந்த மூன்று பேரில் ஒருத்திகூட என்னைக் கேட்கவில்லை. பட்டர்ஃப்ளை நீந்தியவள் துண்டை என் தலையில் போட்டு, அதற்குள்ளேயே என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவளுக்கு அது கடைசி மாநிலப் போட்டி. அதை அன்று எனக்கு அவள் சொல்லவில்லை. உங்கள் மூவருக்கும் நான் பட்டிருப்பது கடன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோச் பக்கத்தில் வந்து உட்கார்ந்து 2008 பீஜிங் ஒலிம்பிக்ஸைச் சொன்னார். 4×100 ஃப்ரீஸ்டைல் ரிலேயில் அமெரிக்காவின் ஜேசன் லெசாக், 32 வயதில், கடைசித் திருப்பத்தில் பின்தங்கியிருந்தும் பிரான்ஸை 0.08 விநாடியில் முந்திய கதை. "தனியா நீந்தும்போது சத்தம் கேட்டுக் கால் கிளம்ப 0.7 விநாடி போயிடும். ரிலேல நல்ல மாத்தம்னா 0.2தான். அதுக்கு ஆசைப்பட்டுத்தான் முந்தினே, தப்பில்ல. உடம்பு முன்னால போகலாம்மா. பெருவிரல் மட்டும் அவ தொடுறவரைக்கும் பிளாக்க விடக்கூடாது."

அந்த ஆடி மாதம் முழுக்க எனக்குப் பயிற்சி எங்கள் படித்துறையில்தான். தம்பி ஆற்றுக்குள் போய், இழுப்பை எதிர்த்து நீந்தி வந்து கல்லில் கை வைப்பான். நான் மேல்படி விளிம்பில் பெருவிரலை ஊன்றி நிற்பேன். துணி துவைத்துக்கொண்டே அப்பாயி நடுவர் வேலை பார்க்கும். "முந்திட்ட!" என்றால் திரும்ப முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நாற்பது தடவை. தம்பிக்குத் தோள் வீங்கியதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தம்பி, அதன்பிறகு ஒரு தடவைகூட நான் முந்தவில்லைடா. ஒவ்வொரு முறையும் சுவரில் நான் பார்த்தது உன் கையைத்தான்.

ஐந்தாவது ஒருத்திக்கும் சொல்ல வேண்டும். காலையில் ஹீட்ஸில், அதாவது ஃபைனலுக்கு முந்தைய தகுதிச் சுற்றில், எனக்குப் பதிலாக நீந்தி, சாயங்காலம் ஃபைனலுக்கு என்னை ஓய்வோடு அனுப்பிவிட்டு, தான் கேலரியில் நின்று தொண்டை கட்டக் கத்தியவள். பதக்கத்தோடு எடுத்த படங்கள் எதிலும் அவள் இல்லை. அந்தப் பதக்கங்களில் ஒன்று இனி அவள் வீட்டில் இருக்கும். மறுத்தாலும் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

வருகிற ஆடிப்பெருக்குக்கு நாங்கள் ஐந்து பேரும் ஊருக்கு வருகிறோம். அந்தப் படித்துறையைப் பார்க்க வேண்டுமாம் அவர்களுக்கு. அம்மா, காப்பரிசி கொஞ்சம் கூடவே கலந்து வையுங்கள்.