செல்வத்துக்கு: முதலில் அந்தச் சிவப்புப் பட்டன்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை என்று நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். லினக்ஸ்சிஎன்சி என்ற இலவச இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு நீ மாற்றிக்கொண்டிருக்கும் பழைய லேத்தின் பேனல் படம் மூன்றாவதோடு வந்தது, அதைப் பார்த்த பிறகு இனி ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு ஒயருக்கும் ஃபெருல், ஒவ்வொன்றுக்கும் நம்பர். மாஸ்டர் பார்த்திருந்தால் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார். அடுத்த நொடியே எமர்ஜென்சி பட்டனைக் காட்டி உன்னை ஷெட்டை விட்டே துரத்தியிருப்பார்.

அந்தப் பட்டனின் ஒயர் நேராக மெசா கார்டின், அதாவது கணினியை மெஷினோடு இணைக்கும் அட்டையின், இன்புட்டுக்குப் போகிறது. லினக்ஸ்சிஎன்சி அதைப் பார்த்து டிரைவை நிறுத்தும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம், செல்வம். கணினி உறைந்தாலும் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் அவுட்புட்டை அணைத்துவிடும் என்பாய். அது உண்மைதான். ஆனால் ஒட்டிப்போன ரிலே கான்டாக்டை எந்த வாட்ச்டாக்கும் பிரிக்காது. பட்டனில் இரண்டு என்.சி. (அழுத்தாதபோது மூடியிருக்கும்) கான்டாக்ட் இருக்கட்டும், இரண்டும் தனித்தனிச் சேனலாக ஒரு சேஃப்டி ரிலேக்குப் போகட்டும். அது இரண்டு கான்டாக்டர்களை (பெரிய பவர் ரிலேக்களை) இயக்க, டிரைவுகளின் மெயின் பவர் அந்த இரண்டின் வழியாகவும் தொடராக வரவேண்டும். இரண்டின் துணை என்.சி. கான்டாக்டுகளையும் ரீசெட் சுற்றில் தொடராகக் கோத்துவிடு. ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அடுத்த முறை ரீசெட் ஆகாது, உனக்கு உடனே தெரிந்துவிடும். மென்பொருளுக்கு ஒரு உதிரி கான்டாக்ட் போதும். மெஷின் நின்றுவிட்டது என்ற தகவல் மட்டும்தான் அதற்கு வேண்டும்.

லேத்தில் இதற்கு மேலும் ஒன்று உண்டு, மில்லிங்கில் பழகியவர்கள் தவறவிடுவது. பட்டனை அழுத்தியதும் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைக்கக்கூடாது. ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டியின் பவரை அந்த நொடியே வெட்டினால் பிரேக்கிங் போய்விடும். சக்கும் அது பிடித்திருக்கும் ஜாபும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே நேரம் ஹைட்ராலிக் பம்பும் நின்று, அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் செக் வால்வு கசிந்தால் சுற்றும் சக்கின் பிடி தளரும். அதற்குப் பிறகு ஜாப் எங்கே போகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆகவே ஸ்பிண்டிலுக்கு மட்டும் டிலே கான்டாக்ட் உள்ள சேஃப்டி ரிலே போடு. முதலில் விஎஃப்டிக்கு நிறுத்தச் சொல்லும் கட்டளை, டிலே முடிந்ததும் பவர் கட். உன் பெரிய சக்கோடு, உச்ச வேகத்திலிருந்து நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அதைவிடச் சற்றுக் கூடுதலாக டிலே வை. சக் வால்வு இரட்டை சாலினாய்டு, டிடெண்ட் உள்ள வகையாக இருக்கட்டும். கரண்ட் போனாலும் இருந்த நிலையிலேயே நிற்கும். ஸ்பிண்டில் சுழற்சி பூஜ்யமானால் தவிர சக் திறக்கும் கட்டளை போகக்கூடாது. அழுத்தம் குறைந்தால் பிரஷர் ஸ்விட்ச் சைக்கிளை நிறுத்த வேண்டும்.

எக்ஸ் அச்சின் பிரேக்கையும் பார். சாய்வுப் படுக்கை என்பதால் டிரைவ் விட்டதும் டூல்களைத் தாங்கும் டர்ரெட் தன் எடையில் கீழே இறங்கும். பிரேக் காயிலுக்குக் குறுக்கே வெறும் டயோடு போட்டிருக்கிறாய். டயோடு காயிலின் கரண்டை மெதுவாகத்தான் வடியவிடும், அதனால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும். அந்த இடைவெளியில் டூல் ஜாபுக்குள் இறங்கிவிடும். டயோடை எடுத்துவிட்டு வேரிஸ்டர் போடு.

இதெல்லாம் முடியும் வரை டிரைவுக்குப் பவர் கொடுக்காதே. கொடுக்கமாட்டாய் என்று பதில் எழுது, நான் நிம்மதியாக இருப்பேன்.

இனி உன் அடுத்த திட்டம். பழைய டிசி சர்வோக்களைத் தூக்கிவிட்டு ஸ்டெப்பர் போடலாம் என்று யாரோ உன் காதில் ஓதியிருக்கிறார்கள். உன் மைத்துனராகத்தான் இருக்கும்! அந்த மோட்டாரில் வேகத்தை அளக்கும் டேக்கோ இருக்கிறது, டிரைவ் ±10 வோல்ட் வேகக் கட்டளை வாங்குகிறது. வேக லூப், அதாவது வேகத்தை அளந்து திருத்தும் சுற்று, டிரைவுக்குள்ளேயே மூடியிருக்கிறது. நமக்கு மீதி நிலை லூப் மட்டும்தான். ஸ்டெப்பர் ஸ்டெப்பை விட்டால் சத்தமில்லாமல் விடும்; விட்டம் மாறிய பிறகுதான் உனக்குத் தெரியும். பிரஷ் நீளம் பார், கம்யூட்டேட்டரில் படிந்த கரித்தூளை வேக்குவம் வைத்து இழு. காற்று அடித்தால் தூள் வைண்டிங்குக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இன்சுலேஷனைச் சோதிக்க மெகர் வைக்கும்போது மோட்டாரை டிரைவிலிருந்து கழற்றிவிடு. டிரைவின் பஸ் கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் மாற்று. டிரைவே செத்திருந்தால் மட்டும் புதியது பற்றிப் பேசலாம்.

இலவச மென்பொருளை நம்பி இரும்பை ஓட்டுவதா என்று மைத்துனர் கேட்டாராமே. லினக்ஸ்சிஎன்சி 1990களில் அமெரிக்காவின் என்.ஐ.எஸ்.டி. என்ற தர நிர்ணய நிறுவனத்தில் இஎம்சி என்ற பெயரில் பிறந்தது என்று சொல்.

கணினியை இணைக்கும் முன் பேட்டரி சோதனை. அச்சின் பெல்ட்டைக் கழற்று. டேக்கோ ஒயரில் மல்டிமீட்டர் வைத்து மோட்டாரைக் கையால் சுற்றி, வோல்டேஜ் வருகிறதா, எந்தத் திசைக்கு எந்தக் குறி என்று எழுதிக்கொள். டேக்கோ தலைகீழாக இருந்தால் கட்டளையே இல்லாமல் மோட்டார் முழு வேகத்தில் பாயும். பிறகு ஒரு 1.5 வோல்ட் செல்லை ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வழியாகக் கட்டளை டெர்மினலில் கொடு. மோட்டார் வழவழவென்று சுற்ற வேண்டும், செல்லைத் திருப்பினால் எதிர்த்திசையில் அதே வேகம் வரவேண்டும். டெர்மினலை ஷார்ட் செய்தால் அசையாமல் நிற்க வேண்டும்; ஊர்ந்தால் டிரைவின் ஜீரோ பாட்டைத் திருகி நிறுத்து. இந்த ஊர்தலை அலட்சியம் செய்யாதே. உன் இசட் அச்சில் 10 வோல்டுக்கு 2000 ஆர்பிஎம், ஸ்க்ரூ பிட்ச் 5 மிமீ. அதாவது 10 வோல்டுக்கு விநாடிக்கு 166.67 மிமீ. 20 மில்லிவோல்ட் விலகல் என்றால் விநாடிக்கு 0.33 மிமீ. நிலை லூப்பின் பி (பிழையை எத்தனை மடங்காகத் திருத்துவது என்ற எண்) 50 என்று வைத்தால் அச்சு நிரந்தரமாக 6.7 மைக்ரான் தள்ளி நிற்கும். எக்ஸில் 1:2 பெல்ட் அதைப் பாதியாக்கும், விட்டத்தில் அது மறுபடி இரட்டிப்பாகிவிடும்.

ஸ்கேலையும் இப்போதே போட்டுவிடு. மோட்டாரின் சுழற்சியை எண்ணுவது 2500 கோடு என்கோடர், நான்கு மடங்கு எண்ணினால் சுற்றுக்கு 10,000. இசட்டில் மிமீக்கு 2000, எக்ஸில் 4000. அனலாக் அவுட்புட்டின் உச்ச அளவை இசட்டுக்கு 166.67 என்றும் எக்ஸுக்கு 83.33 என்றும் கொடுத்தால் நிலை லூப்பை நடத்தும் பிஐடியின் வெளியீடு நேரடியாக மிமீ/விநாடி ஆகிவிடும். எஃப்எஃப்1, அதாவது வேகக் கட்டளையை முன்கூட்டியே சேர்க்கும் எண், சரியாக 1-ல் உட்காரும். அச்சின் உச்ச வேகத்தை இதில் 80 சதவீதத்துக்கு மேல் வைக்காதே, லூப் திருத்திக்கொள்ள இடம் வேண்டும்.

பெல்ட் இல்லாமலே முதல் முறை லூப்பை மூடு. பிஐடியின் உச்ச வெளியீட்டை இசட்டில் 16.67 என்று கட்டிப்போட்டால் ஒரு வோல்டுக்கு மேல் போகாது. பி 5 போதும். என்கோடர் குறி தவறாக இருந்தால் பிழை குறைவதற்குப் பதில் பெருகி ஓட ஆரம்பிக்கும், கட்டளைக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வித்தியாசமான ஃபாலோயிங் எரர் உடனே நிறுத்திவிடும். குறி சரியான பிறகு பெல்ட் போட்டு, எஃப்எஃப்1 வைத்து, பியை மெல்ல ஏற்று. ஹால்ஸ்கோப்பில் (லினக்ஸ்சிஎன்சியின் அலைக்காட்டித் திரையில்) பிழைக் கோடு நடுங்க ஆரம்பிக்கும் இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கு. எஃப்எஃப்1 இல்லாமல் பி 50 மட்டும் வைத்து விநாடிக்கு 100 மிமீ போனால் அச்சு 2 மிமீ பின்தங்கும். எஃப்எஃப்1-ஐ 1 ஆக்கியதும் அது மைக்ரான்களுக்கு இறங்குவதை அந்தத் திரையில் பார், உனக்குப் பிடிக்கும்.

கார்டு 7ஐ97டி என்றாய், நல்ல தேர்வு. ஆறு அனலாக், ஆறு என்கோடர். ஆனால் அவுட்புட்டும் ஆறுதான். சக் இரண்டு, டெயில்ஸ்டாக் இரண்டு, டர்ரெட் இரண்டு, கூலண்ட், லூப்ரிகேஷன், ஸ்பிண்டில் இரண்டு, பிரேக் என்று எண்ணினாலே தாண்டிவிட்டது. கூட ஒரு 7ஐ84 இன்புட்-அவுட்புட் கார்டு சேர். பழைய ஏசி சாலினாய்டுகளை நேராகக் கொடுக்காதே, நடுவில் ரிலேயும் காயிலுக்கு ஆர்சி ஸ்னப்பரும் வேண்டும். கணினியிலிருந்து கார்டுக்கு நேர் கேபிள், நடுவில் ஸ்விட்ச் கிடையாது. பயாஸில் பவர் சேமிப்பு, ஹைப்பர் திரெடிங் இரண்டையும் அணை. ரீட் முடியவில்லை என்ற பிழை வந்தால் நெட்வொர்க் சிப்பின் இன்டரப்ட் தாமதத்தைப் பூஜ்யமாக்கு.

இப்போது எனக்குப் பிடித்த இடம். மரை. லேத்தின் உயிர் ஸ்பிண்டில் என்கோடரில்தான் இருக்கிறது, அதில் கஞ்சத்தனம் பண்ணாதே. 1:1 பல் பெல்ட் மட்டும், வி-பெல்ட் வழுக்கும். 1024 கோடு போதும், சுற்றுக்கு 4096. 3000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் எண்ணிக்கை வரும், அதை வன்பொருள்தான் எண்ண முடியும். டிஃபரென்ஷியல் லைன், ஷீல்டு கேபிள், விஎஃப்டி கேபிளிலிருந்து விலக்கி. ஹாலில், அதாவது லினக்ஸ்சிஎன்சியின் சிக்னல்களை இணைக்கும் பகுதியில், ஸ்பிண்டிலின் இன்டெக்ஸ் எனேபிள் பின்னை என்கோடரின் இன்டெக்ஸ் எனேபிளோடு ஒரே நெட்டில் சேர்க்க மறந்தால் மரை வெட்டும் ஜி33 கட்டளை அப்படியே காத்துக்கொண்டு நிற்கும், பிழைச் செய்தியும் வராது. வேக இன்புட் விநாடிக்கு எத்தனை சுற்று என்ற கணக்கில் போகவேண்டும், ஆர்பிஎம்மில் அல்ல. அட்-ஸ்பீடு பின்னையும் விட்டுவிடாதே, இல்லாவிட்டால் ஸ்பிண்டில் வேகம் எடுக்கும் முன்பே டூல் உள்ளே போகும்.

எம்20×1.5 வெளிமரைக்கு, எக்ஸ் 22, இசட் 6-ல் நின்று இதைப் போட்டுப் பார்:

ஜி7 ஜி97 எஸ்600 எம்3
ஜி76 பி1.5 இசட்-25 ஐ-2 ஜே0.5 ஆர்2 கே1.84 கியூ29.5 ஹெச்2

ஜி7-ல் ஐ (மரை முகட்டின் தூரம்), ஜே (முதல் வெட்டின் ஆழம்), கே (மொத்த ஆழம்) மூன்றும் விட்டக் கணக்கு. ஜி8-ல் ஆரக் கணக்கு. அதே வரியை ஜி8-ல் ஓட்டினால் ஆழம் இரட்டிப்பாகி டூல் உடையும், ஆகவே புரோகிராமின் முதல் வரியிலேயே ஜி7 எழுதிவிடு. ஆர்2 என்றால் ஒவ்வொரு வெட்டிலும் எடுக்கும் பரப்பு சமம்; இந்தக் கணக்குக்கு 14 வெட்டு, பிறகு ஆழம் கூட்டாமல் இரண்டு ஸ்பிரிங் பாஸ். இசட் 6 என்று தள்ளி நிற்பது அச்சு வேகம் எடுத்து ஸ்பிண்டிலோடு பூட்டிக்கொள்ள. மூன்று நான்கு பிட்ச் இடம் கொடுக்காவிட்டால் முதல் மரை நசுங்கும். நடுவில் ஆர்பிஎம்மை மாற்றாதே, விட்டத்துக்கேற்ப வேகத்தை மாற்றும் ஜி96 கூடவே கூடாது. வேகம் மாறினால் அச்சின் பின்தங்கலும் மாறி அடுத்த வெட்டு பழைய தடத்தில் விழாது.

ஹோமிங்கில், அதாவது அச்சின் தொடக்க இடத்தைக் கண்டுபிடிப்பதில், ஒரு இடறல் உண்டு. ஸ்விட்ச் விழும் இடத்துக்கு மிக அருகில், என்கோடர் சுற்றுக்கு ஒருமுறை தரும் இன்டெக்ஸ் பல்ஸ் இருந்தால், ஒருநாள் இந்தச் சுற்றிலும் மறுநாள் அடுத்த சுற்றிலும் பிடிக்கும். இசட்டில் 5 மிமீ தவறு. எக்ஸில் 2.5, விட்டத்தில் 5. ஸ்விட்ச் விழுந்த நிலையையும் இன்டெக்ஸ் வந்த நிலையையும் ஹால்ஸ்கோப்பில் பார், இடைவெளி ஏறக்குறைய அரைச் சுற்று இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஸ்விட்சைத் தட்டும் டாகை நகர்த்து.

டர்ரெட்டைப் பற்றி அடுத்த கடிதத்தில். அதுவரை ஒன்று மட்டும்: ரிவர்ஸில் பூட்டும் மோட்டாரை நேரக் கட்டுப்பாடு இல்லாமல் ஓட்டாதே, எரிந்துவிடும்.

புதிய எமர்ஜென்சி சுற்றின் படத்தை முதலில் அனுப்பு. பிறகு இசட் 100 மிமீ போய்வரும்போது எடுத்த ஹால்ஸ்கோப் படம். வேகக் கட்டளையும் ஃபாலோயிங் எரரும் ஒரே திரையில் இருக்கட்டும்.

அன்புடன்,
ரகு