எங்கள் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிறு நிறைவேற்றி லிஃப்ட் அருகே ஒட்டியிருக்கும் தீர்மானத்தைப் படித்தேன். சேர்ந்து குடியிருக்கும் ஆணும் பெண்ணும் ஒரு மாதத்துக்குள் திருமணச் சான்றிதழ் காட்ட வேண்டும், இல்லையேல் காலி செய்ய வேண்டும் என்கிறது அது. பெயர் எதுவும் இல்லாவிட்டாலும் அது எவரைக் குறிக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அத்தீர்மானத்தைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாடகை ஒப்பந்தத்தில் எங்கள் இருவர் பெயரும் இருக்கின்றன. வீட்டு உரிமையாளர் எல்லாம் அறிந்தே கையெழுத்திட்டார். ஆயினும் 14 மாதங்களாக என் துணைவர் ஒவ்வோர் இரவும் வேலை முடிந்து வந்ததும், வாயிலில் பார்வையாளர் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் தம் வீட்டுக்குள் நுழைகிறார். 'யாரைக் காண' என்ற கட்டத்தில் முதலில் என் பெயரை எழுதிவந்தவர், இப்போது 'வீடு' என்று மட்டும் எழுதுகிறார். பேனாவை நீட்டும் காவலாளி அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் காவலாளிக்கு இருக்கும் கூச்சம் தீர்மானம் எழுதியவர்களுக்கு இல்லை. கடந்த நவம்பரில் காய்ச்சலோடு கொட்டும் மழையில் ஆட்டோவிலிருந்து இறங்கியவரை, முந்தைய நாள் 'வெளியேறிய நேரம்' குறிக்கப்படவில்லை என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள். குடியிருப்பவர் எந்த நேரத்தில் வெளியேறியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

செயலாளர் ஐயா வழக்கறிஞர். வயதுவந்த இருவர் மணம் புரியாமல் சேர்ந்து வாழ்வது குற்றமாகாது என்று 2010இல் நடிகை குஷ்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், மணமாகாத இருவர் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை என்று 2019இல் கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதையும் நான் அவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமேகூட 'திருமணத்தை ஒத்த உறவில்' இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது. அந்தச் சட்டம் தேவைப்படும் அலறல் நம் குடியிருப்பில் நள்ளிரவில் கேட்டபோது 'குடும்ப விஷயம்' என்று சங்கம் ஒதுங்கிக்கொண்டது. அவர்களிடம் சான்றிதழ் இருந்தது போலும். பழுதான மோட்டாரைச் சரிசெய்யக் கூட்டம் கூட்ட மூன்று மாதம் ஆயிற்று, எங்கள் ஒழுக்கத்தைச் சரிசெய்ய மூன்றே நாள்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள்க. அடுத்த செயற்குழுவில் அத்தீர்மானத்தைத் திரும்பப் பெற்று, குடியிருப்போர் பட்டியலில் என் துணைவர் பெயரையும் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பராமரிப்புக் கட்டணத்தை வழக்கம்போல் 5ஆம் தேதிக்குள் செலுத்திவிடுவோம். ரசீதில் இம்முறை இருவர் பெயரையும் எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
நான்காம் தளத்தில் குடியிருப்பவள்