கம்யூனிட்டி காலேஜ் என்றதும் பேச்சை மாற்றும் பெற்றோருக்கு

சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாத் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். நான் இங்குள்ள ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது முதல் இரண்டு ஆண்டைப் படித்துவிட்டு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்ளக்கூடிய அரசுக் கல்லூரியில், வேதியியல் சொல்லித்தருகிறேன். நம் பிள்ளைகள் என் வகுப்புக்கு இரண்டு வழிகளில் வருகிறார்கள். பதினோராம் வகுப்பு படித்துக்கொண்டே ‘டூயல் என்ரோல்மென்ட்’ என்று வருபவர்கள் ஒரு வகை. இவர்களைப் பற்றிப் பொங்கல் விழாவில் பெருமையாகப் பேசுகிறீர்கள். பள்ளி முடித்துவிட்டு அதே வகுப்பில் சேர்பவர்கள் இன்னொரு வகை. “பையன் எங்கே படிக்கிறான்?” என்று கேட்டால், இவர்கள் வீட்டில் பேச்சு சாம்பாருக்கு உப்பு போதுமா என்பதற்குத் தாவிவிடுகிறது. இத்தனைக்கும் வாத்தியார் ஒருவர்தான், பரீட்சையும் ஒன்றுதான்.

இரண்டாம் வகைப் பிள்ளைகளில் டாக்டராகும் ஆசையுள்ளவர்களும் இருக்கிறார்கள். “இங்கே சேர்ந்தாச்சு, இனிமே மெடிக்கலை மறந்துடு” என்று வீட்டில் கேட்டுவிட்டு வருகிறார்கள். ரிச்சர்ட் கார்மோனா பள்ளியையே பாதியில் விட்டு ராணுவத்துக்குப் போனவர். வியட்நாமிலிருந்து திரும்பி பிராங்ஸ் கம்யூனிட்டி காலேஜில் படித்தார், பிறகு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மருத்துவம் முடித்தார். 2002 முதல் 2006 வரை இந்த நாட்டின் சர்ஜன் ஜெனரல், அதாவது பொதுச் சுகாதாரத்துக்கான தலைமை மருத்துவர், அவர்தான். மனித மரபணுத்தொகுதியைப் படிப்பதில் அரசுத் திட்டத்தோடு போட்டியிட்ட கிரெய்க் வென்டர், நமக்குப் பக்கத்தில் சான் மட்டேயோ காலேஜில் தொடங்கி யூசி சான் டியேகோவில் பிஎச்டி வாங்கியவர்.

இதற்காக எல்லாம் சமம் என்று சொல்ல வரவில்லை. மருத்துவத்தில் சேருமுன் படிக்கவேண்டிய உயிரியல், வேதியியல், இயற்பியல் போன்ற அடிப்படைப் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் படித்திருப்பதே நல்லது என்று நினைக்கும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. இங்கே வாங்கிய ‘ஏ’ அங்கேயும் ‘ஏ’தானா என்பது அவர்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பிள்ளை பதில் சொல்லும் இடம், யூசிக்கு மாறியபின் எடுக்கும் உயிர்வேதியியல், மரபியல், உடலியங்கியல் வகுப்புகள். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட் மதிப்பெண்ணும் பேசும். சந்தேகத்தை வளர்ப்பது வேறொரு பழக்கம்: யூசியில் சேர்ந்தபிறகு ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குப் பயந்து, அதை மட்டும் கோடை விடுமுறையில் கம்யூனிட்டி காலேஜில் முடித்துக்கொள்வது. அதற்கு யோசனை சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான்.

டூயல் என்ரோல்மென்ட் பெருமைக்காரர்களுக்கும் ஒரு செய்தி. மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களைத் திரட்டும் ஆம்காஸ், பள்ளி நாளில் எடுத்த கல்லூரிப் பாடத்தின் மதிப்பெண்ணையும் ஜிபிஏ என்ற சராசரி மதிப்பெண்ணில் சேர்க்கும். மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினாலும் பழைய ‘சி’ அழியாது. இரண்டும் கணக்கில் நிற்கும். பதினாறு வயதுப் பிள்ளையை மூன்று கல்லூரிப் பாடங்களில் ஒருசேரத் தள்ளுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்குக்கு வருகிறேன், நம்மவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கலிஃபோர்னியாவாசிக்கு கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே இதுபோல் பத்து மடங்குக்கு மேல், விடுதியும் சாப்பாடும் தனி. 2025இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்கும் மருத்துவ மாணவருக்கு மத்திய அரசின் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான். அதற்கு மேல் ஆகும் செலவுக்குத் தனியார் கடன், இல்லையென்றால் உங்கள் சேமிப்பு. முதல் இரண்டு ஆண்டில் மிச்சமாகும் தொகை அப்போது கைகொடுக்கும்.

பிஎச்டிக்குப் போகிறவர்கள் விஷயம் வேறு. அறிவியல் துறைகளில் பொதுவாக உதவித்தொகை கிடைத்துவிடும், கடன் பெரிய கவலையில்லை. அவர்களுக்குத் தட்டுப்பாடு காலத்துக்குத்தான். எங்கள் காலேஜ்களில் ஆராய்ச்சிக்கு வாய்ப்பு குறைவு. மாறிப்போனபின் இரண்டே ஆண்டில் ஒரு ஆய்வகத்தைப் பிடித்து, சிபாரிசுக் கடிதம் எழுதுமளவுக்குப் பேராசிரியரிடம் பழகவும் வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. எங்கள் பாடம் எந்த யூசியில் எந்தப் பாடமாக ஏற்கப்படும் என்று ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே பிள்ளையை அதோடு கவுன்சிலரிடம் அனுப்புங்கள். டேவிஸ், இர்வைன் உள்ளிட்ட ஆறு யூசிகள், விதித்த தகுதியை எட்டினால் இடம் உறுதி என்கின்றன. பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக அந்த ஆறையும் தள்ளிவிட்டு வீட்டில் ஒரு சண்டை போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் வேதியியல் ஆசிரியை