எச்சரிக்கையை அடக்குவது திருத்தம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் சி மொழி பயிலும் மாணவர்களுக்காக வந்த குறிப்பு ஒன்றில், கம்பைலர் (எழுதிய நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) காட்டும் எச்சரிக்கைகள் தொல்லை தந்தால் ஒரு காஸ்ட் (ஒரு மதிப்பை வேறொரு வகையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பு) போட்டோ, கம்பைலரை ஓட்டும் கட்டளையில் ஒரு தெரிவைச் சேர்த்தோ அவற்றை நிறுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். வகுப்பறையில் எழுதும் சிறு நிரலில் இதனால் பெரிய கேடு வராமல் போகலாம். ஆனால் அந்த மாணவர்களில் சிலர் நாளை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும், கருவிகளை இயக்கும் டிரைவர்களிலும் கை வைக்கப் போகிறவர்கள். இருபது ஆண்டுகளாக அந்த வேலையையே செய்து வருபவன் என்ற முறையில், இதை மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

சி மொழியின் தரநிலை சில செயல்களுக்கு எந்தப் பொருளும் சொல்லாமல் விட்டிருக்கிறது. குறியுள்ள (எதிர்மறையாகவும் இருக்கக்கூடிய) முழு எண் தன் எல்லையைத் தாண்டுவது, 32 பிட் எண்ணின் பிட்டுகளை 32 இடம் நகர்த்துவது, எந்த முகவரியையும் காட்டாத வெற்றுப் பாயின்டர் (நினைவக முகவரியைத் தாங்கும் மாறி) வழியாக நினைவகத்தைத் தொடுவது போன்றவற்றை வரையறுக்கப்படாத நடத்தை என்கிறோம். புராசஸர் என்ன செய்கிறதோ அதுவே நடக்கும் என்றுதான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதலே தவறு. அப்படிப்பட்ட நிலை வரவே வராது என்று எடுத்துக்கொண்டு, சுற்றியுள்ள வரிகளைச் சுருக்கவும் நீக்கவும் கம்பைலருக்கு உரிமை இருக்கிறது. 2009இல் லினக்ஸ் கெர்னலில், மென்பொருள் வழி வலையமைப்பு இணைப்புக்கான டன் என்ற டிரைவரில் நடந்தது இதுதான். அங்கே ஒரு பாயின்டரின் உள்ளிருந்து ஒரு மதிப்பை எடுத்த பிறகு, அடுத்த வரியில்தான் அந்தப் பாயின்டர் வெற்றா என்று சோதித்திருந்தார்கள். முன்பே தொட்டுவிட்டதால் அது வெற்றாக இருக்க முடியாது என்று முடிவு செய்த ஜிசிசி கம்பைலர், அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. சோதனை மறைந்த இடம் கெர்னலைக் கைப்பற்றும் வழியாகவே ஆயிற்று. எடுக்கும் வரியைச் சோதனைக்குக் கீழே இறக்கினால் போதும், எந்தக் கம்பைலரிலும் அது சரியான திருத்தம்.

புராசஸரை நம்பினாலும் இதே கதைதான். ஓர் எண்ணை 32 இடம் நகர்த்தச் சொன்னால், மேசைக் கணினிகளில் உள்ள எக்ஸ்86 புராசஸர் நகர்த்தும் எண்ணிக்கையின் கடைசி ஐந்து பிட்டை மட்டும் பார்ப்பதால் (32க்கு அவை பூஜ்யம்) எண் அப்படியே திரும்பி வரும். 32 பிட் ஆர்ம் புராசஸரில் அதே வரிக்குப் பூஜ்யம் வரும்.

எல்லோரும் அறிந்த எச்சரிக்கை ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டிரைவர்களில் 1 << 31 என்று எழுதும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. வெறும் ஒன்று குறியுள்ள எண் ஆகையால், 31 இடம் நகர்த்தும்போது அது எதிர்மறையா என்று காட்டும் குறி பிட்டுக்குள் போய் விழுகிறது. அதற்குத் தரநிலையில் வரையறை இல்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் 2013இல் இதைப் பல கோப்புகளிலும் தேடித் திருத்தி, ஒன்றுக்குப் பின்னால் யு சேர்த்துக் குறியற்ற எண்ணாக்கினார்கள். சி மொழியின் வழக்கமான முழு எண் வகையான இன்ட் 32 பிட் என்று இத்திருத்தம் கருதிக்கொள்கிறது என்ற குறையையும் அவர்களே பதிவு செய்து வைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பழைய வரியின் விளைவை, ஒரு பிட்டை ஏற்றுவதற்காக, கருவியின் 64 பிட் பதிவேட்டில் (ரெஜிஸ்டரில்) 'ஆர்' செய்தால், குறி பரவி மேல் 32 பிட்டும் ஒன்றாக நிரம்பிவிடும். யு சேர்த்தால் அது தீரும். ஆனால் அதே யு சேர்த்த மதிப்பைத் தலைகீழாக்கி, அந்த ஒரு பிட்டை மட்டும் அணைக்க 64 பிட் பதிவேட்டோடு 'அன்ட்' செய்து பாருங்கள். மேல் 32 பிட்டும் சேர்ந்து அணைந்துபோகும். எச்சரிக்கை போய்விட்டது, பிழை போகவில்லை. பதிவேடு எத்தனை பிட்டோ அத்தனை பிட் அகலமுள்ள குறியற்ற ஒன்றை எடுத்து நகர்த்துவதே எல்லா இடத்திலும் நிற்கும் திருத்தம்.

காஸ்ட் போடுவதால் வரும் கேட்டை நானே செய்து கற்றேன். முன்பு நான் வேலை செய்த இடத்தில், ஒரு தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கான சிறிய இயங்குதளத்தைப் பழைய ஆர்ம் பலகைக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். எச்சரிக்கைகளை ஒரு வாரத்துக்குள் பூஜ்யமாக்கச் சொன்னார்கள். பைட் பாயின்டரை 32 பிட் எண்ணின் பாயின்டராக மாற்றும் இடங்களில், முகவரி நான்கால் வகுபடாமல் போகலாம் என்று கம்பைலர் எச்சரித்தது. நான் இடையில் ஒரு வாய்ட் பாயின்டர் (எந்த வகை என்று சொல்லாத பாயின்டர்) காஸ்ட் போட்டேன்; எச்சரிக்கை நின்றது. வலையமைப்பில் வரும் தரவுப் பொதியின் முன்னால் உள்ள ஈதர்நெட் தலைப்பு 14 பைட் என்பதால் அதன் பின்னால் வரும் ஐபி தலைப்பு நான்கின் மடங்கில் தொடங்காமல் இரண்டு தள்ளித் தொடங்கும் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. மேசைக் கணினியில் எல்லாம் சரியாக ஓடியது. பலகையிலோ, படித்த எண்ணின் முதல் இரண்டு பைட் சரியாகவும், அடுத்த இரண்டு பைட் இருக்க வேண்டிய இடத்தில் அவற்றுக்கு முன்னால் கிடந்த இரண்டு பைட்டும் வந்தன. அந்தத் தலைமுறை ஆர்ம் புராசஸர் பிழை என்று நிற்பதில்லை. முகவரி பொருந்தாவிட்டால் அருகிலுள்ள நான்கு பைட்டை எடுத்துச் சுழற்றிக் கொடுத்துவிடும். ஸ்பார்க் புராசஸராக இருந்தால் அங்கேயே நின்று காட்டிக்கொடுத்திருக்கும். இரண்டு மாதம் கழித்து, பிட் பிட்டாகத் தாளில் எழுதிப் பார்த்துத்தான் காரணத்தைக் கண்டோம். கம்பைலர் முதல் நாளே சொன்ன உண்மையை நான்தான் மூடி வைத்திருந்தேன்.

அதற்குச் சரியான வழி, நான்கு பைட்டையும் தனித்தனியே படித்து நகர்த்திச் சேர்ப்பது. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. குறியற்ற 8 பிட் எண்ணாக இருந்தாலும், கணக்கில் நுழைந்தவுடன் சி அதைக் குறியுள்ள இன்ட் ஆக உயர்த்திவிடும். அதனால் 128 அல்லது அதற்கு மேற்பட்ட பைட்டை 24 இடம் நகர்த்தினால் மறுபடியும் குறி பிட்டுக்குள் விழுகிறோம். முதலில் குறியற்ற 32 பிட்டாக மாற்றி, பிறகு நகர்த்த வேண்டும். இதே உயர்வினால்தான் இரண்டு குறியற்ற 16 பிட் எண்களைப் பெருக்குவதும் ஆபத்தாகிறது: 65535ஐ 65535ஆல் பெருக்கினால் 4294836225, குறியுள்ள 32 பிட் எண் கொள்ளக்கூடியது 2147483647 மட்டுமே. பைட் வரிசை மாற வேண்டாத இடங்களில், பைட்டுகளை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி போதும். வேகம் குறையுமே என்று அஞ்ச வேண்டாம். நான்கு பைட் மெம்காப்பியை எக்ஸ்86இல் இன்றைய கம்பைலர்கள் ஒரே கட்டளையாகச் சுருக்கிவிடுகின்றன.

தெரிவுகளைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கெர்னலே எண் நிரம்பல் (எல்லை தாண்டுதல்), பாயின்டர் வகை, வெற்றுச் சோதனை ஆகிய மூன்றிலும் கம்பைலரின் கையைக் கட்டும் தெரிவுகளோடுதான் கட்டப்படுகிறது. கோடிக்கணக்கான வரிகள் கொண்ட பழைய நிரலுக்கு அது தேவையான கவசம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தெரிவு நிரலுக்குள் எழுதப்படுவதில்லை. கம்பைலரை ஓட்டும் கட்டளைகள் உள்ள தனிக் கோப்பில் இருக்கிறது. அதே டிரைவரை இன்னொருவர் எடுத்து வேறொரு கெர்னலில் வைக்கும்போது கவசம் கூடப் போவதில்லை. ஆகவே புதிதாக எழுதும் வரி தன் பொருளைத் தானே சுமக்க வேண்டும். குறியுள்ள இரு எண்களைக் கூட்டிவிட்டு, விடை முதல் எண்ணைவிடச் சிறியதா என்று பார்ப்பதற்குப் பதில், கூட்டுவதற்கு முன்பே எல்லைக்குள் இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். சி மொழியின் புதிய தரநிலையான சி23இல் இதற்கென்றே சோதித்துக் கூட்டும் வசதி வந்திருக்கிறது. எதிர்மறை எண்களுக்கு ஒரே வடிவத்தைக் கட்டாயமாக்கிய அதே தரநிலை, குறியுள்ள எண் நிரம்புவதை இன்றும் வரையறுக்காமலே விட்டிருக்கிறது என்பதையும் மாணவர்கள் அறிய வேண்டும்.

கம்பைலரின் கண்ணில் படாதவற்றை ஓடும்போது பிடிக்கும் யுபிசான் என்ற சோதனை வசதி 2016இல் வந்த லினக்ஸ் 4.5 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடியின் சக்தி புராசஸர் எக்ஸ்86, ஆர்ம் இரண்டிலிருந்தும் வேறான ரிஸ்க்-ஃபைவ் வகையைச் சேர்ந்தது. எக்ஸ்86 ஒன்றையே மனத்தில் வைத்து எழுதிய டிரைவரை நாளை அதற்கு மாற்றப் போகிறவர்களும் நம் கல்லூரிகளில் இன்று படிப்பவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே அக்குறிப்பின் அடுத்த பகுதியில், காஸ்ட் போட்டு எச்சரிக்கையை நிறுத்தும் உதாரணத்தை நீக்கி, அதற்குப் பதிலாக நான்கு பைட்டைக் குறியற்ற எண்ணாக மாற்றிச் சேர்க்கும் வரிகளை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டிரைவர் நிரல் எழுதும் வாசகர்,
கோயம்புத்தூர்.